பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு மெழுகுத் துளி

அன்று ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அந்த லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்கள்: மாலாவின் அம்மா, அவருடைய கொழுந்தன் சிவலிங்கம், என் மனைவி செல்வி, நான். கனடாவில் இருந்த ரவீந்திரன், போனுக்குள். மழைக்கு உள்ளே வந்து நின்ற ஆட்டோக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வீட்டில் சிக்னல் கிடைத்தது அவருடைய போனில் மட்டும்தான். மாலா அன்று பண்டாரவளையில் வேலையில் இருந்தாள். இல்லாதவரையும் சொல்லிவிடுவது நல்லது.

இப்படிப் பெயர் அடுக்குவது என் பயந்த சுபாவம். ஒரு சிக்கல் முடிந்த பிறகு யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒருமுறை மனதுக்குள் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதியிருப்பது சரியா என்று பார்க்க எனக்கு மேலே ஒரு ஆள் இருந்ததில்லை. அதனால் சாட்சிகளைத் தேடிக்கொள்வேன்.

நீங்கள் இருவரும் கடையைப் பொறுப்பெடுத்தபோது பழைய பாட்டுத் தட்டைக் கழுவுவது, வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுப்பது, கடல் தாண்டப் பெட்டி கட்டுவது எல்லாம் காட்டித் தந்தேன். அவையெல்லாம் செய்யச் செய்ய கைக்கு வந்துவிடும். "வாங்கின ஆள் தட்டைத் திருப்பி அனுப்புறேன்னு சொன்னா என்ன பண்றதுங்க?" என்று நீங்கள் கேட்டபோது மட்டும் நான் பால் இல்லாத பிளேன்டி ஊற்றப் போய்விட்டேன். அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மாலா ஒருநாள் பதுளையில் நம் அறைக்கு ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா தவறியபின் கட்டிலுக்கு அடியில் கிடந்த எல்.பி. தட்டுகள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அவரை எல்லோரும் ஸ்பீக்கர்காரர் என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவர். விற்கும் விலையில் இரண்டு பங்கு அவர்களுக்கு, ஒரு பங்கு நமக்கு என்று பேசினோம்.

"அப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப என் சங்கிலிய அடகு வச்சோம் அங்கிள். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்கு அடகு வச்சது தெரியாது" என்றாள்.

பெட்டியில் ஒரு தட்டு தனியாகத் தெரிந்தது. மற்றவை எல்லாம் மழையும் புகையும் பார்த்தவை. இது மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் பளபளத்தது. அதிகம் அச்சாகாத படப்பாட்டுத் தட்டு. இணையத்தில் நம் பக்கத்தில் படத்தைப் போட்ட அன்றே கனடாவிலிருந்து ரவீந்திரன் அறுபதாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். தட்டு போய்ச் சேர்ந்ததும் நாற்பதாயிரத்தை மாலாவின் கணக்கில் போட்டேன். மீட்ட சங்கிலியை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். நாமும் ஒருவருக்கு உதவியாக இருந்தோம் என்று அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது.

பிறகு ரவீந்திரனின் செய்தி வந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு முடியும் இடத்தில் ஊசி தாவுகிறது, நாலாவது பாட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறது, தட்டைத் திருப்பி அனுப்புகிறேன், முழுப் பணமும் வேண்டும். கூடவே ஒலியும் பதிந்து அனுப்பியிருந்தார். பாட்டின் கடைசிச் சொல் "பாக்கியம்". அது "பாக்கியம், பாக்கியம், பாக்கியம்" என்று நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பாடகர் எதற்காகவோ கெஞ்சுவதுபோல இருந்தது.

"குறையில்லாமல் ஓடும்" என்று விளம்பரத்தில் எழுதியவன் நான். ஓட்டிப் பார்த்தும் இருந்தேன். ஆனால் எப்படி ஓட்டினேன்? ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஊசியை வைத்துக் கொஞ்சம் கேட்பேன், தூக்கி அடுத்த பாட்டின் தலையில் வைப்பேன். பெட்டி பெட்டியாகத் தட்டு வரும்போது எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் சந்து இருக்கிறதே, அதை நான் கேட்டதே இல்லை. நீங்களும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். இனிக் கேளுங்கள்.

என் பங்கு அறை வாடகைக்கும் தபாலுக்கும் போய்விட்டது. பணத்தைத் திருப்ப வேண்டுமென்றால் மாலாவின் சங்கிலி மறுபடி அடகுக்குப் போக வேண்டும், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். இரவெல்லாம் செல்வியிடம் புலம்பினேன். மாப்பிள்ளை வீட்டார் கழுத்தைப் பார்ப்பார்கள், கேட்பார்கள், கல்யாணம் நிற்கும், மாலாவின் அம்மா என் அறை வாசலில் வந்து உட்காருவார் என்று நானாகவே கட்டிக்கொண்டே போனேன்.

செல்வி கேட்டாள். "இன்னும் எத்தன பேரக் கொல்லப் போறீங்க? மொதல்ல அந்தக் கொழும்புக்காரருக்குப் பேசுங்க."

கொழும்பில் பழைய தட்டு விற்று எனக்கு இந்தத் தொழிலில் புத்தி சொல்லிவந்த ஒருவரைச் சொன்னாள். அழைத்து, பணத்தை எப்படிப் புரட்டுவது என்று ஒப்பித்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"சரி, ஊசி ஏன் தாவுது?"

"தெரியாதுங்க."

"தெரியாமலா இவ்வளவு நேரம் பேசினே? கீறலா, அழுக்கா, அச்சுக் கோளாறா? அந்த ஆளுகிட்ட கிட்டத்துல ஒரு படம் கேளு. அதே பெட்டியில வந்த மத்தத் தட்டுகளப் பாரு. ஏன்னு தெரியாம காசைத் திருப்பிக் குடுத்தா அடுத்த தட்டும் தாவும்."

படம் வந்தது. ஊசி தாவும் இடத்தில் கண்ணாடிபோல ஒரு சின்னத் துளி. மெழுகு. நான் டார்ச் அடித்துப் பெட்டியில் மிச்சமிருந்த தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பல தட்டுகளில் அதே மாதிரித் துளி. தவறிச் சிந்தியதாக இருந்தால் கண்ட இடத்தில் விழுந்திருக்கும். இவை எல்லாம் ஏதோ ஒரு பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், அந்தச் சந்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

அதுவரை பயந்துகொண்டிருந்தவனுக்கு இப்போது அரிப்பு பிடித்துவிட்டது. துளி காவல் நிற்கும் பாட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டேன். செல்வி அடுப்படியிலிருந்து, "எல்லாம் அழுக பாட்டா இருக்கே. எழவு வீடு மாதிரி" என்றாள். ஆமாம், முதல் சில தட்டுகள் அப்படித்தான். ஆனால் ஒரு தட்டில் துளிக்குப் பின்னால் இருந்தது தாலாட்டு. இன்னொன்றில் ஒரு தொப்பைக்காரரைக் கிண்டல் செய்யும் பாட்டு. ரவீந்திரனின் தட்டிலோ துளி சந்தில்கூட இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்துக்கு ஒரு நூல் முன்னால், பாட்டு முடிவதற்குள்ளேயே வைத்திருந்தது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நானும் செல்வியும் ஆட்டோ பிடித்து ஸ்பிரிங்வெளிக்குப் போனோம். பணம் கேட்கப் போகவில்லை என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மாலாவின் அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "வாங்கண்ணே, வாங்க. மழையில ஏன் நிக்கிறீங்க?" என்று ஆட்டோக்காரரையும் சேர்த்து உள்ளே அழைத்தார். கொழுந்தன் சிவலிங்கம் அண்ணனோடு வயர் தூக்கிப் போனவர் என்று அறிமுகம் செய்தார். நான் பணப் பேச்சை எடுக்காமல், ஒரு தட்டை எடுத்துத் துளியைக் காட்டினேன்.

சிவலிங்கம் சிரித்தார். "அட, அண்ணனோட பிரேக்கு!"

"பிரேக்கா?"

"ஆமாங்க. கல்யாண வீட்டுல நாங்களும் சாப்பிடப் போவணும்ல? தட்டு அது பாட்டுக்கு ஓடும். தாலி கட்டுற நேரம் பாத்து, பொண்டாட்டி செத்துப்போனான்னு ஒருத்தன் பாடினா என்னா ஆவும்? ஒருக்கா அப்படி ஆகி, பொண்ணோட மாமன் அண்ணன அடிக்கவே வந்துட்டாரு. அதுல இருந்து அந்த மாதிரிப் பாட்டுக்கு முன்னால மெழுகு வச்சிருவாரு. ஊசி அங்கேயே நொண்டிக்கிட்டு நிக்கும். சத்தம் கேட்டு எலையில இருந்து எந்திரிச்சு ஓடிப்போய் மாத்துவோம்."

"அப்ப இந்தத் தொப்பப் பாட்டு?" என்று செல்வி கேட்டாள்.

"அது பெரிய கணக்கப்பிள்ளைக்குங்க. அவருக்கு வயிறு முன்னால வரும், ஆளு பின்னால வருவாரு. திருவிழாக் காசு அவரு கையிலதான இருந்திச்சு!"

"தாலாட்டு?"

சிவலிங்கம் அண்ணியைப் பார்த்தார். மாலாவின் அம்மாதான் சொன்னார். "மேல் லயத்துல ஒருத்தி இருந்தா. மூணு புள்ள பொறந்து மூணும் தங்கல. குழாயில பாட்டுப் போட்டா எங்க போயி காத மூடுறது? அந்தப் பாட்ட இந்தப் பக்கம் போடவே மாட்டாரு."

வீட்டில் வானொலி பிடிக்காவிட்டால் திருகி மூடலாம். குன்று முழுக்கக் கேட்கும் ஸ்பீக்கரை யாரும் மூட முடியாது. அவர் தன் பக்கத்திலிருந்து மூடியிருக்கிறார்.

இருந்தாலும் ரவீந்திரனின் தட்டுக்கு விடை வரவில்லை. வேறு வழியில்லாமல் முழு விஷயத்தையும் சொன்னேன். வாங்கியவர் திருப்பிக் கேட்கிறார், அறுபதாயிரம் என்றேன். மாலாவின் அம்மாவின் கை அவரை அறியாமல் கழுத்துக்குப் போனது. "அது மாலா கழுத்துல கெடக்குதுங்களே அண்ணே" என்றார்.

கோளாறு என்ன என்று காட்ட நான் என் போனில் இருந்த ஒலியைப் போட்டேன். "பாக்கியம், பாக்கியம், பாக்கியம்..."

சிவலிங்கம் பிளேன்டி புரையேறி வாசலுக்கு ஓடினார். மாலாவின் அம்மா தலைத் துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"என்னக்கா?" என்றாள் செல்வி.

"மதினி பேருங்க அது!" வாசலிலிருந்தே சிவலிங்கம் கத்தினார். "பாக்கியம்! கல்யாணத்துக்கு முன்னால அவங்க எதிர் மலையில கொழுந்து எடுப்பாங்க. அண்ணன் கோயில் மரத்துல குழாயக் கட்டி அந்தப் பக்கமாத் திருப்பிட்டு இந்தத் தட்டப் போட்டாரு. தோட்டமே கேட்டிச்சு. கங்காணி வந்து 'என்னாடா, ரெக்கார்ட் கெட்டுப்போச்சா?'ங்கிறாரு. அண்ணன் 'ஆமாங்க, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்'ங்கிறாரு. பாத்துக்கிட்டு இருந்தது மலைய!"

"எங்கம்மா வெளக்கமாத்தோட எறங்கிப் போனாங்க" என்றார் மாலாவின் அம்மா துண்டுக்குள்ளிருந்து. "இவரு 'பாட்டுத்தான் அத்தை அப்படி'ன்னாராம். அன்னைக்கே அத்தையாம்!"

"கல்யாணம் ஆனப்பறம் அந்தத் தட்ட வெளிய எடுக்கவே மாட்டாரு" என்றார் சிவலிங்கம். அதுதான் அந்தத் தட்டின் பளபளப்பு. அதை நான் வெளிச்சத்தில் பார்த்து நல்ல தட்டு என்று விலை போட்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே குஷி. இந்தக் கதையைச் சொன்னால் யார்தான் தட்டைத் திருப்புவார்? ஆட்டோக்காரரின் போனிலேயே ரவீந்திரனை அழைத்தேன். அங்கே விடியவில்லை. தூக்கக் கலக்கத்தோடு கேட்டார், நடுவில் சிரிக்கவும் சிரித்தார். கடைசியில் சொன்னார்:

"கதை நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஆனா நான் நாலாவது பாட்டுக்காகத்தான் உந்தத் தட்டை வாங்கினனான். ஊசியைக் கையால தூக்கி வைச்சாத்தான் அது ஓடுது, தொடர்ந்து கேக்கேலாமல் கிடக்கு. பிறகு நான் என்ன செய்யிறது?"

ஆட்டோக்காரர் என் காதில், "மெழுகோட இருக்கிறதால இது ஸ்பெசல், வெல கூடன்னு அடிச்சு விடுங்கண்ணே" என்றார். செல்வி அவரை முறைத்தாள்.

ரவீந்திரன் சொன்னது நியாயம். நீங்கள் இதை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கதை நம்முடையது, கேட்க நன்றாக இருக்கும். அவர் காசு கொடுத்தது தட்டுக்கு. நம் கதையை வைத்து அவர் வாயை அடைக்கக் கூடாது. மெழுகை எடுத்தால் பாட்டு தானாக ஓடலாம். எடுக்கும்போது ஊசி ஓடும் வரி பெயர்ந்தால் தட்டும் போய்விடும், சங்கிலியும் போய்விடும். எடுக்கலாமா என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. மாலாவின் அம்மாவைப் பார்த்தேன்.

அவர் போனுக்குக் குனிந்து கேட்டார். "தம்பி, அந்த நாலாவது பாட்டு எப்படிப் பாட்டுங்க?"

"நல்ல பாட்டு அக்கா. ஏன், நீங்கள் கேக்கேல்லையோ?"

"ஊசிதான் என் பேர விட்டு நவுந்ததே இல்லையே! நான் எங்க கேக்குறது?" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "எடுத்துறச் சொல்லுங்கண்ணே. இத்தன வருசமா அதுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு எனக்கும் தெரியாது" என்றார்.

நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். இதை யோசிக்கவில்லை.

எடுக்கும் வழியைச் சிவலிங்கம் சொன்னார். சுடுதண்ணி படக் கூடாது, உருகி வரிக்குள் இறங்கிவிடும். குளிரில் வைக்க வேண்டும். "அண்ணன் மார்கழியில ராத்திரி வெளிய வச்சிருவாரு. காலையில நகத்தால ஒரு தட்டு, தெறிச்சு விழுந்துரும். உங்க ஊர்ல இப்ப பனிதானேங்க?"

"பனியோ? முழங்கால் மட்டும் கிடக்கு" என்றார் ரவீந்திரன்.

"அப்ப இன்னும் சுளுவா வந்துரும்."

"தம்பி," என்றார் மாலாவின் அம்மா, "அதுக்கு முன்னால ஒருக்கா போட்டு விடுவீங்களா?"

ரவீந்திரன் கீழே இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஊசி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சின்னப் போனிலிருந்து, மழைச் சத்தத்துக்கு மேலே, "பாக்கியம், பாக்கியம்" என்று வந்தது. மாலாவின் அம்மா நின்றபடி கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருத்தி, "யாரு பாக்கியம் ஒன்னைய கூப்பிடுறது?" என்று சத்தம் போட்டாள்.

"ஐயோ, நிப்பாட்டச் சொல்லுங்க. லயமே கேக்குது" என்றார். ஆனால் கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னார். ஆட்டோக்காரரின் டேட்டா தீர்ந்து அது தானாகவே நின்றது.

அடுத்த செய்தி வரும்வரை நான் போனைக் கையை விட்டு வைக்கவில்லை. மாலாவுக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவள் அம்மா கேட்டிருந்தார். நான் சொல்லவில்லை. பயத்தைப் பிறருக்குப் பகிர்ந்து கொடுத்தால் குறையும் என்று நினைத்துக்கொண்டு சிலர் பரப்புவார்கள். வாடிக்கையாளர் ஒருவர் கோபமாக எழுதினால் நீங்கள் அதை உடனே தட்டைக் கொடுத்தவருக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்களிடம் ஒரு வழி இருக்கும்போது போங்கள். எங்களிடம் வழி ஒன்றும் இல்லாமல்தான் நான் ஸ்பிரிங்வெளிக்குப் போனேன், அது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ரவீந்திரன் எழுதினார். மெழுகு தெறித்து வந்துவிட்டது. நாலாவது பாட்டு ஓடுகிறது. ஆனால் மெழுகு இருந்த இடத்தில் "டிக்" என்று ஒரு சத்தம் நிற்கிறது, விளம்பரத்தில் சொன்ன தரம் இது இல்லை, தட்டை வைத்துக்கொள்கிறேன், ஏழாயிரம் ரூபாயைக் கழித்துத் தாருங்கள். நான் பேரம் பேசவில்லை. அந்த "டிக்" உண்மை. செல்வியின் சீட்டுக் காசில் அனுப்பி வைத்தேன். சங்கிலி மாலாவின் கழுத்திலேயே இருந்தது. கல்யாணத்தில் நான் சாப்பிட்டதை விட அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம்.

கேட்காமலே நாலாவது பாட்டையும் ரவீந்திரன் பதிந்து அனுப்பியிருந்தார். கல்யாண வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து மாலாவின் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"எப்படியிருக்குங்க?"

"சுமாருதான்" என்றார். "அவரு நிப்பாட்டின எடம் சரிதான்."

ஏழாயிரம் கழிந்தது அவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. செல்வியாகத்தான் இருக்கும். அடுத்த சம்பள நாளைக்குப் பிறகு பஸ் ஏறி நம் அறைக்கு வந்து ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்தார். நஷ்டம் நம் கடையின் பிழை, அந்தச் சந்தில் ஊசியை ஓட்டிக் கேட்காமல் விற்றது நான் என்று எவ்வளவோ சொன்னேன்.

"மெழுகு வச்சது எங்க வீட்டு ஆளு. எனக்காக வச்சது. அதுக்கு நீங்க ஏண்ணே குடுக்கணும்? என் பேருக்கு நான் மாசா மாசம் குடுக்குறேன்" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். மனம் இளகி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அவர் அதை அவமானமாக எடுப்பார். பிந்தினால் கேட்கவும் வேண்டாம். வந்தால் பிளேன்டி கொடுங்கள், இந்த மாதம் எந்தத் தட்டு எந்த நாட்டுக்குப் போனது, அங்கே அதை யார் கேட்கிறார்கள் என்று கேட்பார், தெரிந்ததைச் சொல்லுங்கள். போன மாதம் வரைக்கும் வந்திருக்கிறார். இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.